காயம் தீவில், வெடிப்பு ஏ9 வீதியில்

குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் வீதியில் எந்த வாகனமும் நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதில்லை. பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணை கடந்து, வாணர் தாம்போதியில் ஏறிப் புங்குடுதீவின் ஊடாகப் போகிறவர், நயினாதீவுப் படகைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தாலும் ஐம்பதைத் தாண்டுவது அரிது. அந்த வேகத்தில் ரயர் வெடித்தால் வாகனம் ஒரு பக்கம் இழுக்கும், ஓட்டுபவர் ஓரங்கட்டி நிறுத்துவார், ஸ்பெயர் சில்லை மாற்றுவார், அவ்வளவுதான். அதே வாகனம் சில வாரம் கழித்து, கனடாவிலிருந்து வரும் உறவினரை ஏற்றக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிறது. மாங்குளத்துக்கு அப்பால் ஏ9 வீதி நேர்கோடாக நீள்கிறது. வேகமானி தொண்ணூறைக் காட்டுகிறது. அங்கே அதே ரயர் வெடித்தால் கதை வேறு.

அப்படியான விபத்துக்குப் பிறகு ‘ரயர் வெடித்ததால் வாகனம் கட்டுப்பாட்டை இழந்தது’ என்று ஒரு வரி எழுதப்படும். கேட்பவர்களும் விதி என்று விட்டுவிடுவார்கள். ரயர் அந்தக் கணத்தில் வெடித்தது உண்மைதான். ஆனால் அது பழுதானது அந்தக் கணத்தில் அல்ல. பெரும்பாலான வெடிப்புகள் வாரக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளே வளர்ந்து வருபவை. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் வாகனம் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டும். உடைந்த வீதி, உப்புக் காற்று, வெயில், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் கார்கள் என்று ரயரைக் கெடுக்கும் காரணங்கள் அத்தனையும் இங்கே ஒன்றுகூடியிருக்கின்றன. கெட்டதை வெளிக்காட்டும் வேகம் மட்டும் இங்கே இல்லை.

முதலில், வாகனத்தின் பாரத்தைத் தாங்குவது எது? ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. இன்று எங்கள் ஊர்களில் அதிகம் ஓடும் வகன் ஆர் காரை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேரும் பயணப் பைகளும் ஏறினால் மொத்தம் 1,150 கிலோ வரை வரும். ஒரு சில்லில் 290 கிலோ. காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. என்றால், அந்தப் பாரத்தைத் தாங்க ரயர் நிலத்தில் ஏறத்தாழ 120 சதுர சென்ரிமீற்றர் அளவுக்குத் தட்டையாகிறது. அழுத்தம் குறைந்தால் தட்டையாகும் பரப்புக் கூடும். பரப்புக் கூடினால் ரயரின் பக்கம் அதிகம் மடியும். ரயர் வெடிப்பின் விஞ்ஞானத்தில் முக்கால்வாசி இந்த மடிப்பில்தான் இருக்கிறது.

நிலத்தைத் தொடும் பாகம் தடித்தது. அதற்குள் உருக்குக் கம்பிப் பட்டைகள் இரண்டு ஒன்றின் மேல் ஒன்றாக ஓடுகின்றன. றிம்மைப் பிடித்திருக்கும் விளிம்பிலும் கனத்த உருக்கு வளையம் உண்டு. இரண்டுக்கும் இடையில் இருக்கும் பக்கச்சுவரில் அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. சாதாரண கார் ரயரில் பொலியெஸ்ரர் நூல் அடுக்கு ஒன்று, சிலவற்றில் இரண்டு. மேலே சில மில்லிமீற்றர் ரப்பர். மடிந்து நிமிர வேண்டிய பாகம் என்பதால்தான் அதை மெல்லியதாகச் செய்கிறார்கள். இயற்கை ரப்பர் நன்றாக மடியும், அதனால் பக்கச்சுவரின் கலவையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த மெல்லிய சுவருக்கு முதல் அடி விழும் இடம் குழியின் விளிம்பு. தீவுகளின் நிலம் சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும். தார் பெயர்ந்த இடத்தில் வெளித்தெரியும் கல் கூராக இருக்கும், மழை வெள்ளம் நின்றால் அதுவும் தெரியாது. சில்லு குழியில் இறங்கி எதிர் விளிம்பில் மோதும்போது பக்கச்சுவர் ஒரு கணம் கல்லுக்கும் றிம்முக்கும் நடுவே நசிகிறது. வெளியே ரப்பர் நசிந்து திரும்பி நிமிர்ந்துவிடும், ஒரு கீறல்கூடத் தெரியாது. உள்ளே நூல்கள் சில அறுந்திருக்கும். அறுந்த நூல் திரும்ப ஒட்டுவதில்லை. அந்த இடத்தில் காற்றைத் தடுத்து நிற்பது இனி ரப்பர் மட்டுமே. நாள் போகப்போக அது வெளியே தள்ளும். சிறு கொட்டைப்பாக்களவு தொடங்கிப் பெரிதாகும்.

இந்தப் புடைப்பைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வாகனம் நிழலில் ஆறி நிற்கும்போது பக்கச்சுவரில் உள்ளங்கையை வைத்து முழுச் சுற்றும் தடவ வேண்டும். ஓரிடத்தில் மெல்லிய பள்ளம் கோடாகத் தட்டுப்பட்டால் பயமில்லை. நூல் அடுக்கின் இரு நுனிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் இடம் அது, தொழிற்சாலையில் செய்யும்போதே வருவது. மேடு தட்டுப்பட்டால் அந்த ரயரின் காலம் முடிந்தது. ஒட்டுப் போட முடியாது, உள்ளே ரியூப் வைத்து ஓட்டவும் கூடாது. வெளிப்புறத்தை மட்டும் பார்த்துவிட்டு எழும்புபவர்கள்தான் அதிகம். வாகனத்துக்கு அடியில் கையை விட்டு உட்புறச் சுவரையும் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே இருக்கும் புடைப்பை எவரும் தற்செயலாகக் காணமாட்டார்கள்.

குழி ஒரே அடியில் செய்வதைக் காற்றுக் குறைவு மெதுவாகச் செய்கிறது. இங்கேதான் எங்கள் ஊரில் வேரூன்றிய ஒரு நம்பிக்கையோடு மோத வேண்டியிருக்கிறது. “தூரப் பயணம், வெயிலும் கடுமை. ரயர் சூடாகி வெடிக்கும், காத்தைக் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ அண்ணை.” காற்றடிக்கும் இடத்தில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இருக்கமாட்டார். சூட்டில் காற்று விரியும், விரிந்தால் வெடிக்கும், ஆகவே முன்கூட்டியே குறைத்துவிடுவோம் என்ற தர்க்கம் கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்காது.

காலையில் 30 பாகை செல்சியசில் 32 பி.எஸ்.ஐ. அடித்த ரயர், ஓடி 60 பாகைக்குச் சூடாகிறது என்று வைப்போம். அழுத்தம் 36 அல்லது 37க்கு ஏறும். 80 பாகைக்குப் போனால் 40ஐத் தொடும். அவ்வளவே. பழுதில்லாத கார் ரயர் ஒன்றை வெறும் அழுத்தத்தால் வெடிக்க வைக்க இதைப்போல் பல மடங்கு, நூறு பி.எஸ்.ஐ.க்கும் மேலே போக வேண்டும். ஓடும்போது ஏறும் நாலைந்து பி.எஸ்.ஐ.யையும் கணக்கில் எடுத்துத்தான் வாகன நிறுவனம் அளவைக் குறித்திருக்கிறது. அந்த அளவு, சில்லு ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு. தீவிலிருந்து வெயிலில் ஓடிவந்து யாழ்ப்பாண நகரத்தில் அழுத்தம் பார்த்தால் மானி கூடக் காட்டும். கூடிவிட்டது என்று திறந்துவிட்டால் மறுநாள் காலை ரயர் உண்மையிலேயே குறைந்த காற்றோடு நிற்கும். அப்படியே கொழும்புப் பயணமும் தொடங்கும்.

காற்றுக் குறைந்த ரயருக்கு என்ன நடக்கிறது? வகன் ஆர் ரயரின் சுற்றளவு ஒன்றே முக்கால் மீற்றர். 90 கிலோமீற்றர் வேகத்தில் அது செக்கனுக்கு 14 தடவை சுற்றுகிறது, மணிக்கு 50,000 தடவைக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவரின் ஒவ்வொரு பாகமும் ஒருமுறை மடிந்து நிமிர்கிறது. ரப்பரை மடிக்கக் கொடுத்த சக்தி முழுவதையும் அது நிமிரும்போது திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கை வெப்பமாக உள்ளே வைத்துக்கொள்கிறது. கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் மாறி மாறி மடக்கிப் பாருங்கள், மடக்கிய இடம் விரலைச் சுடும், பிறகு முறியும். பக்கச்சுவருக்கும் அதுவே. மடிப்பு ஆழமானால் ஒவ்வொரு சுற்றிலும் சேரும் வெப்பம் கூடும், வேகம் கூடினால் ஒரு செக்கனில் வரும் சுற்றுக்கள் கூடும். ரப்பர் வெப்பத்தைக் கடத்துவதில் மிக மோசமானது. உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழியின்றித் தேங்குகிறது. அந்த உள்வெப்பம் நூறு பாகையைத் தாண்டிப் போகப்போக நூலுக்கும் ரப்பருக்கும் இடையிலான பிடி விடுகிறது, பொலியெஸ்ரர் தன் வலுவை இழக்கிறது. கடைசியில் சுவர் ஒரு நீளத்துக்குக் கிழிகிறது. ஆகவே காற்றைக் குறைப்பவர் வெடிப்பைத் தடுக்கவில்லை, அதற்கு வழிவிடுகிறார்.

காற்றுக் குறைவின் தடயத்தைக் கண்ணால் பார்க்க முடியும். ஒட்டுக்கடையில் ரயரைக் கழற்றும்போது தூரப் போகாமல் பக்கத்தில் நில்லுங்கள். காற்றில்லாமல் சில கிலோமீற்றர் ஓடிய ரயர் என்றால், றிம்மிலிருந்து கழற்றியதும் உள்ளேயிருந்து மிளகுத்தூள் பருமனில் கறுப்புத் துகள் கொட்டும். உட்புறத்தைக் கையால் துடைத்தால், பக்கச்சுவரின் மேற்பகுதியில் முழுச் சுற்றுக்கும் ஒரு தேய்ந்த வளையம் தெரியும். சில இடங்களில் உட்படலம் உரிந்து நூலின் வரி வெளித்தெரியும். மடிந்த சுவர் தன்மேல் தானே உராய்ந்து அரைபட்ட பொடிதான் அந்தத் துகள். ஆணி குத்திய துளை சிறிதாகவே இருக்கலாம், அதை அடைத்துவிடவும் முடியும். ஆனால் அந்தச் சுவர் இனி நெடும்பயணத்துக்கு உதவாது. துளைக்கு வெளியிலிருந்து ரப்பர்த் திரியைக் குத்தி அனுப்பும் அவசரத் திருத்தத்தில் ரயரைக் கழற்றுவதே இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரியாமலே போகிறது. காற்றிறங்கிய பிறகு ஓடிய ரயரைக் கட்டாயம் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரயரின் பக்கத்தில் 155/65 ஆர்14 75எஸ் என்பதுபோல ஒரு வரி அச்சிட்டிருக்கும். கடைசியில் வரும் எஸ் என்ற குறி 180 கிலோமீற்றர் வேகம் வரை என்று பொருள்படும். 180 தாங்கும் ரயர் 90இல் ஏன் வெடிக்கிறது என்று கேட்கலாம். சரியான காற்று, அளவான பாரம், புதிய ரப்பர் என்ற மூன்றும் இருந்தால்தான் அந்த 180. காற்றுக் குறைந்தால் வேறொரு தொல்லையும் சேர்கிறது. நிலத்தைத் தொட்டு மடிந்த சுவர், அடுத்த முறை நிலத்தைத் தொடுவதற்கு முன் முழுதாக நிமிர்ந்து அசைவடங்க வேண்டும். வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் அதற்கு நேரம் போதாது. தொடும் இடத்துக்குப் பின்னால் ரயரில் அலை அலையாக நெளிவு எழுந்து அப்படியே நிற்கும். இதை நிலையலை என்பார்கள். அந்த நிலைக்குப் போன ரயர் சில நிமிடங்களிலேயே சிதறக்கூடும். அழுத்தம் குறையக் குறைய அந்த எல்லை வேகமும் கீழே இறங்குகிறது.

காற்றின் அளவைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடும் பழக்கமும் எங்களிடம் உண்டு. யாழ்ப்பாணத்தின் ஏ40 கார்களும் மொறிஸ் மைனர்களும் ஓடிய காலத்தில் அது ஓரளவு சரி. அந்த ரயர்களில் நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து ஓடின. பக்கம் விறைப்பாக இருக்கும், காற்று இறங்கினால் தோற்றத்திலேயே தெரியும். மிஷெலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற ரேடியல் ரயரில் நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடுகின்றன, பக்கம் இளகியது. சரியான காற்றிலும் அது கொஞ்சம் பிதுங்கித்தான் தெரியும். 32இல் நிற்பதற்கும் 24இல் நிற்பதற்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. காலால் தட்டிப் பார்ப்பதும் பயன்படாது. சிறிய அழுத்தமானி ஒன்றை வாகனத்திலேயே வைத்திருப்பதுதான் வழி, அதுவும் காற்றடிக்கும் இடம் அடுத்த தெருவில் இல்லாத தீவுக்காரருக்கு.

இனி, வயது. தீவுகளுக்கே உரிய ஆபத்து இதில்தான் அதிகம் என்று நினைக்கிறேன். 1990க்குப் பின் இடம்பெயர்ந்தவர்களில் பெருந்தொகையானோர் இன்று ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். திருத்திக் கட்டிய வீடு புங்குடுதீவிலோ வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ இருக்கும். கொட்டிலுக்குள் ஒரு கார் நிற்கும். ஆனி மாதம் நயினை நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கோ ஆவணியில் நல்லூருக்கோ வரும்போது அது வெளியே வரும். வருடத்தில் சில வாரம் மட்டும் ஓடிய கார் என்பதால் ரயரின் தடம் புதிதுபோல ஆழமாக இருக்கும். “ரயர் நல்லாய்த்தான் இருக்கு” என்று சொல்லிக் கட்டுநாயக்காவுக்கும் திருகோணமலைக்கும் ஓட்டிப் போவார்கள்.

தடத்தின் ஆழம் ரயர் எவ்வளவு ஓடியது என்பதைச் சொல்லும். எவ்வளவு காலம் இருந்தது என்பதைச் சொல்லாது. ரப்பர் ஓடாமல் நின்றாலும் முதுமை அடைகிறது. ரயருக்குள் அடைபட்ட காற்றிலுள்ள ஒட்சிசன், அழுத்தத்தோடு ரப்பருக்குள் ஊடுருவிக்கொண்டே இருக்கிறது. 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டுபிடித்தபடி கந்தகத்தால் பிணைத்து நெகிழ்வாக வைத்த மூலக்கூறுச் சங்கிலிகளை அது மாற்றி இறுக்குகிறது. ரப்பர் கடினமாகி நொறுங்கும் தன்மை பெறுகிறது. வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் இந்த வினை ஏறத்தாழ இரு மடங்காகும். இலண்டனில் பத்து வருடம் தாங்கும் ரயர் யாழ்ப்பாண வெயிலில் அவ்வளவு காலம் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வெளியிலிருந்து ஓசோன் வாயு தாக்குகிறது. அதைத் தடுக்க ரயர்க் கலவையில் ஒருவகை மெழுகும் இரசாயனங்களும் சேர்த்திருப்பார்கள். அவை மேற்பரப்புக்கு வந்து படிந்துகொண்டிருக்க ரயர் மடிந்து நிமிர வேண்டும். ஓடாத ரயரில் அந்தக் காப்பு சரியாக மேலே வருவதில்லை. ஓடாமல் வைத்தால் கெடாது என்று நாம் நம்பியிருக்க, நின்ற இடத்திலேயே அது வெடிப்பு வரிகளைப் பிடிக்கிறது. கறுப்பாக மினுங்க வேண்டுமென்று டீசலால் துடைப்பது இருக்கும் காப்பையும் கரைத்து எடுத்துவிடும்.

ரயரின் வயதை எப்படி அறிவது? பக்கச்சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் பதித்திருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. சில ரயர்களில் அது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், உட்புறமாகப் பூட்டியிருந்தால் குனிந்துதான் பார்க்க வேண்டும். பல கார் நிறுவனங்கள் 6 வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. ரயர் நிறுவனங்களில் சில 5 வருடத்துக்குப் பின் வருடந்தோறும் பரிசோதிக்கவும், எப்படி இருந்தாலும் 10 வருடத்தோடு நிறுத்தவும் சொல்கின்றன.

இந்த இலக்கங்கள் எவ்வளவு கனமானவை என்பதை இங்கிலாந்து ஒரு துயரத்தில் கற்றுக்கொண்டது. 2012 செப்ரெம்பரில் இசைவிழா ஒன்றிலிருந்து இளைஞர்களை ஏற்றித் திரும்பிய பஸ், ஹைன்ட்ஹெட் அருகே ஏ3 வீதியில் முன் ரயர் வெடித்து மரத்தில் மோதியது. மூவர் இறந்தார்கள். அந்த ரயருக்கு வயது பத்தொன்பதரை, பஸ்ஸைவிட மூத்தது. தடத்தின் ஆழம் சட்டப்படி சரியாகவே இருந்தது. மகனை இழந்த தாய் பிரான்சிஸ் மொலோய் வருடக்கணக்கில் போராடினார். 2021 பெப்ரவரி முதலாம் திகதி தொடக்கம் அங்கே பஸ், லொறிகளின் முன் அச்சில் 10 வருடத்துக்கு மேற்பட்ட ரயர் பூட்டுவது தடைசெய்யப்பட்டது. இலங்கையிலும் இப்படி ஒரு விதி வேண்டும். இரவிரவாக ஏ9 வீதியில் ஓடும் பஸ்களும் வான்களும் ஏற்றிச் செல்வதும் மனித உயிர்களைத்தான்.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் பெரிது. போர்ட் எக்ஸ்புளோரர் வாகனங்களின் பயர்ஸ்ரோன் ரயர்கள் வேகத்தில் தடம் பிரிந்து சிதற, வாகனங்கள் உருண்டன. 2000 ஓகஸ்டில் 65 இலட்சம் ரயர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த ரயர்களோடு தொடர்புபட்ட மரணங்கள் 271 என்று அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டது. தயாரிப்புக் குறை ஒருபுறம். மறுபுறம், போர்ட் பரிந்துரைத்த அழுத்தம் 26 பி.எஸ்.ஐ. மட்டுமே. மரணங்கள் ரெக்சாஸ், புளோரிடா போன்ற வெப்ப மாநிலங்களில் குவிந்தன. குறைந்த காற்று, கூடிய பாரம், வெயில், வேகம் நாலும் ஒரே இடத்தில் சேர்ந்தன. இந்த விவகாரத்துக்குப் பிறகுதான் காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு அங்கே புதிய கார்களில் கட்டாயமானது. இங்கே ஓடும் கார்களில் பலவற்றில் அந்த விளக்கு இல்லை. இருப்பவற்றில் எரிந்தாலும் பார்ப்பவர் குறைவு.

பாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விமான நிலையத்திலிருந்து தீவுக்குத் திரும்பும் ஹயஸ் வானில் பத்துப் பேரும், ஒவ்வொருவருக்கும் இரண்டு பெரிய பெட்டியும் ஏறும். அந்த வானுக்கு உரிய ரயரில் 107 என்ற பாரக் குறி இருக்கும், ஒற்றை ரயர் 975 கிலோ தாங்கும். அளவு பொருந்துகிறது, விலை குறைவு என்று கார் ரயரைப் பூட்டினால் அதில் 91 என்று இருக்கலாம், 615 கிலோ மட்டும். பின் அச்சில் ஒன்றரைத் தொன் விழுந்தால் முதல் சோடி 1,950 கிலோவரை தாங்கும், இரண்டாவது சோடி 1,230 கிலோவோடு முடிந்துவிடும். பெட்டி ஏற்றுமுன் இந்த இரண்டு இலக்கங்களையும் பார்த்துவிடலாம்.

கடல் செய்வது மெதுவான வேலை. சோழகக் காற்று வீசும் மாதங்களில் தாம்போதிகளில் அலைத்தூவல் சில்லில் படியும். றிம் துருப்பிடித்துப் பொருக்குக் கட்டும். ரயர் விளிம்பு றிம்மோடு ஒட்டி உட்காராமல் காற்று இலேசாகக் கசியும். ஆணியைத் தேடிக் கிடைக்காமல் ‘எப்படியோ காத்துப் போகுது’ என்று கிழமைக்கு ஒருமுறை நிரப்பி ஓட்டுவோம். தண்ணீரில் அமிழ்த்தி றிம் விளிம்பைப் பார்த்தால் குமிழி தெரியும். துருவைச் சுரண்டி வர்ணம் பூசி ரயரை மறுபடி ஏற்றினால் தீரும். பழுதில்லாத ரயரிலும் மாதம் ஒன்று இரண்டு பி.எஸ்.ஐ. தானாகவே குறையும், அது இயல்பு.

பழைய ரயரை மாற்றாமல் ஓட்டுவதற்கு விலையும் ஒரு காரணம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. இடையில் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் பாய, ரயர் விலையும் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. இருப்பதை இன்னும் ஒரு வருடம் ஓட்டுவோம் என்று எல்லாரும் நினைத்தார்கள், நினைத்ததில் நியாயம் இருக்கிறது. பாவித்த ரயர்களும், புதுத் தடம் ஒட்டிய ‘டாக்’ ரயர்களும் அதிகம் விற்றன. வாங்க வேண்டாம் என்று வசதியுள்ளவன்தான் சொல்வான். வாங்கும்போது நாலு இலக்கத்தைப் படியுங்கள், உட்புறத்தில் அந்தத் தேய்ந்த வளையம் இருக்கிறதா என்று பாருங்கள் என்று மட்டும் கேட்கிறேன். டாக் போட்ட ரயரின் தடம்தான் புதிது, சுவர் பழையது. அதை உள்ளூர் ஓட்டத்தோடு வைத்திருங்கள்.

எல்லாம் பார்த்தும் வேகத்தில் ரயர் வெடித்துவிட்டால் காலை பிரேக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். வெடித்த சில்லு ஏற்கனவே இழுக்கிறது. அழுத்திப் பிரேக் பிடித்தால் பாரம் முன்னுக்குச் சாய்ந்து வாகனம் சுழலும், வான் என்றால் உருளும். ஸ்ரியரிங்கை இரு கையாலும் இறுக்கிப் பிடித்து நேராக வைத்து, அக்சிலேற்றரை மெல்ல மெல்ல விட்டு, வேகம் தானாக இறங்கிய பிறகு ஓரத்துக்கு எடுங்கள். முன் ரயர் வெடித்தால் ஸ்ரியரிங்கில் ஓரளவு சமாளிக்கலாம். பின் ரயர் வெடித்தால் வாகனத்தின் பின்புறமே திரும்பிப்போகும், மீட்பது கடினம். அதனால் இரண்டு ரயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்னுக்குப் பூட்டுங்கள், முன்னால் இழுக்கும் காராக இருந்தாலும்.

வெளிநாட்டிலிருந்து வரவிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விமானச் சீட்டு எடுக்கும் அன்றே ஊரில் இருப்பவரை அழைத்து, கொட்டிலுக்குள் நிற்கும் காரின் நாலு ரயரிலும் ஸ்பெயரிலும் உள்ள அந்த நாலு இலக்கத்தைப் படித்துச் சொல்லக் கேளுங்கள். ஆறு வருடம் கடந்திருந்தால், தடம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், வந்திறங்குவதற்கு முன்பே மாற்றச் சொல்லிப் பணத்தை அனுப்பிவிடுங்கள்.